கடல் பஞ்சு

"இதுவாச்சும் கேக்குமா, சிஸ்டர்?" என்றாள் தாட்சாயணி.

மார்பில் வந்த கட்டிக்கு இரண்டு மருந்து பார்த்தாயிற்று. இரண்டும் கைவிட்டுவிட்டன. இது மூன்றாவது. நகரியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த களைப்போடு, திருப்பதி ஆஸ்பத்திரியின் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். வெளியே மலை, பாதி மேகத்துக்குள்.

"கேக்கும்னுதானே டாக்டர் எழுதினாரு." நர்ஸ் ரேஷ்மா சலைனை ஓடவிட்டாள். கடலோரத் தடா ஊர்க்காரி. "இது எங்க பக்கத்து சரக்குக்கா. கடல் பஞ்சுன்னு ஒண்ணு, அதுலதான் மொதல்ல கண்டுபிடிச்சாங்களாம்."

"பஞ்சா?" இருபத்தைந்து வருஷமாகத் தறியோடு கிடப்பவளுக்குச் சிரிப்பு வந்தது. "கேட்டீங்களா, கடல்லயும் நம்ம தொழிலாம்."

"அங்க கரண்ட் கட் இருக்காது" என்றான் அவள் புருஷன் கோவர்த்தனன், செல்போனிலிருந்து தலை நிமிராமல்.

தாட்சாயணிக்குக் கண் சொக்கியது. கடலை அவள் பார்த்ததே இல்லை. அதனால் அவளுக்கென்று ஒரு கடல் விரிந்தது. தண்ணீருக்கடியில் பருத்திக்காடு. காய் வெடித்து வெள்ளை வெள்ளையாய்ப் பஞ்சு மேலே மிதந்து போகிறது. மீன்கள், ஊடைநூலோடு பாயும் தறிநாடா போல, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகின்றன. சத்தமே இல்லாத தறி.

"தாட்சாயணி."

"இன்னா?"

"அது பஞ்சு இல்லியாம். செல்லுல போட்டுக்கீது. செடி கூட இல்ல. உயிராம்." கோவர்த்தனன் குரல் இறங்கியது. "சொல்லாம இருந்துடலாம்னு பாத்தேன். மனசு கேக்கல."

கட்டி கரைந்து, நடந்தே மலையேறும் வரைக்கும் எந்த உயிரும் தன் உடம்புக்குள் போகாது என்று பெருமாளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். எட்டு மாதமாக வீட்டில் கருவாட்டு வாசனை கூடக் கிடையாது.

ரேஷ்மா ஊசியோடு வந்தபோது தாட்சாயணியின் கை போர்வைக்குள் போய்விட்டது.

"அஞ்சு நிமிஷ ஊசிக்கா. கை குடுங்க."

"அதுக்குக் கண்ணு இருக்கா?"

"எதுக்கு? பஞ்சுக்கா? இல்ல."

"வாயி?"

"அதுவும் இல்ல. பாறைல ஒட்டிக்கினு, வர்ற தண்ணிய வடிகட்டிக்கினே கெடக்கும்."

"உக்காந்த எடத்துல ஒழைக்குது, என்னைய மாதிரியே. அதை அறுத்து எனக்கு ஊத்தறீங்க. வேணாம் சிஸ்டர்."

ரேஷ்மா கட்டிலில் உட்கார்ந்தாள். "இப்ப யாரும் அறுக்கலக்கா. ஆதியில அதுல இருந்து எடுத்துப் பாத்தாங்க. இப்ப அந்த அமைப்பப் பாத்து ஃபேக்டரில செய்யறாங்க. கடல்ல இருக்கிறது கடல்லயேதான் இருக்குது."

தாட்சாயணி மற்றக் கையால் போர்வையின் ஓரத்து நூலை நெருடினாள்.

"மாதிரி சேலை ஒண்ணு வாங்கியாந்து, பிரிச்சுப் பாத்து, நம்ம தறில ஓட்டறோமே... அப்படியா?"

"அவுனு, ஆமாக்கா. அதேதான்."

"நூலு நம்மது. டிசைன் அதோடது."

"மொத சேலை பிரிஞ்சது பிரிஞ்சதுதானே?" என்றான் கோவர்த்தனன் மெல்ல.

"பிரிஞ்சதுதான். அதுக்கு நான் கும்பிட்டுக்கறேன்." போர்வைக்குள்ளிருந்து கை வெளியே வந்தது. "மலை ஏறறதுக்கு முன்னாடி என்னைக் கடலுக்கு இட்டுக்கினு போங்க."

"கரையில நின்னா அது தெரியாதுக்கா. ஆழத்துல இருக்கும்."

"மலையில மட்டும் ரொம்ப நேரமா காட்டறாங்க? நிமிர்ந்து பாக்கறதுக்குள்ள ஜரகண்டி ஜரகண்டின்னு தள்ளிடறாங்க. தெரியாட்டி போவுது."

மருந்தின் குளிர்ச்சி முழங்கை தாண்டி ஏறியது. மலையின் மறுபாதியும் மேகத்துக்குள் போயிற்று. மீன்கள் மறுபடி ஓட ஆரம்பித்தன.

"இன்னா சொல்றே?" அவள் முணுமுணுப்பைக் கேட்கக் கோவர்த்தனன் குனிந்தான்.

"நெய்யுது" என்றாள், கண்ணைத் திறக்காமல்.