ரத்துச் செய்த ஓடர்

கடைக்கு வெப்சைட் செய்துகொடுக்க வந்த கிஷாந்தின் லெப்டொப்பில் ஓடர்கள் ஒன்றன் பின் ஒன்றாக விழுந்தன. எல்லாவற்றிலும் ‘பணம் கிடைத்தது’ என்று பச்சை எழுத்து. வெள்ளவத்தைக் கடையில் காலையிலிருந்து ஒரு அபாயாகூட விற்கவில்லை. கடைக்கார நஸீறாவுக்கு அந்தப் பச்சை பிடிக்கவில்லை.

“இவங்க எல்லாம் ஆரு?”

“ஒருத்தருமில்லை அக்கா. டெஸ்ட். கார்ட் நம்பரும் பொய், காசும் பொய். வெப்சைட் இப்ப என்ர லெப்டொப்புக்குள்ள மட்டும்தான் ஓடுது.”

பொய்யை இவ்வளவு தாராளமாகச் சொல்கிறவனை அவள் கண்டதில்லை. அவன் கேட்டதோ மெய்யான சாவி. கடையின் பேரில் அட்டைப் பணத்தை வாங்கித் தரும் கம்பனி அவளுக்கு அனுப்பியிருந்த இரகசிய எண். தந்தால் இன்றைக்கே வெப்சைட்டைத் திறக்கலாம் என்றான். பெருநாளுக்கு முன் திறக்காவிட்டால் வியாபாரம் அடுத்த கடைக்குப் போய்விடும். அது அவளுக்கும் தெரியும். ஆனால் போன பெருநாளில், காசு போட்டாச்சு என்று ரசீதுப் படம் அனுப்பிப் பார்சலை வாங்கிக்கொண்டு மறைந்த ஒருத்தியை அவள் இன்னும் தேடிக்கொண்டிருந்தாள்.

“தள்ளுங்க தம்பி. நான் ஒண்டு வாங்கிப் பாக்கிறன்.”

“டெஸ்ட் கார்ட் நம்பர் சொல்லட்டே?”

“தேவல்ல.”

ஒரு கறுப்பு அபாயாவைத் தெரிந்தெடுத்தாள். அட்டை எண் கேட்கும் கம்பனியின் பக்கம் வந்தது. ஒன்றும் எழுதாமல் ‘ரத்துச் செய்’ என்பதை அழுத்தினாள். எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போகிறவர்கள் கடையில் தினமும் செய்வதுதான்.

பட்டியலின் தலையில் அவளுடைய ஓடர் வந்து நின்றது. பணம் கிடைத்தது.

“நான் குடுக்கல்லயே. ஆரு குடுத்த?”

கிஷாந்த் குனிந்து பார்த்தான். தான் எழுதிய நிரலைத் திறந்தான்.

“காசு வந்ததெண்டு அந்தக் கம்பனிதான் வெப்சைட்டுக்குச் சொல்லோணும் அக்கா. அவை அனுப்புற செய்தி என்ர லெப்டொப்புக்கு வந்து சேராது. அதால, ஆள் அவையின்ர பக்கத்தில இருந்து திரும்பி வந்தாலே காசு வந்தது எண்டு எழுதிவிட்டனான். பிறகு மாத்துவம் எண்டு…”

“பிறகெண்டா? நான் சாவியத் தந்த பிறகா?”

“சத்தியமா மறந்துபோனன்.”

மறந்தவனும் இப்படித்தான் முழிப்பான், பிடிபட்டவனும் இப்படித்தான் முழிப்பான்.

அவன் அந்த வரியை அழித்தான். கம்பனியின் செய்தி லெப்டொப்வரை வர ஒரு வழி செய்தான். அவள் மறுபடி ரத்துச் செய்தாள். பச்சை வரவில்லை. இன்னொரு தரம் செய்தாள். வரவில்லை.

“இப்ப சரிதானே அக்கா?”

“இது சரி. வேற எத்தின எடத்தில மறந்தீங்களோ? மச்சிட மகள் நப்லாவும் இதே வேலைதான். அவ ஒருக்காப் பாக்கட்டும்.”

“அவ பாத்து முடியப் பெருநாள் போயிரும்.”

“போகட்டும்.”

சொன்ன பிறகுதான் பெருநாளுக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணினாள். நப்லாவுக்கு அழைப்பெடுத்தாள். வரச் சொன்னாள். சாவியைப் பற்றி அவளிடமும் மூச்சு விடவில்லை.