நாகவல்லியின் ஜாடை

அறுபத்தாறுக்கும் எழுபத்தைந்துக்கும் நடுவில் அண்ணனூர் ஸ்டேஷனுக்குத் தெற்கே பிறந்த பிள்ளைகளில் அநேகமாக எல்லோருக்கும் நாகவல்லியின் முகம் இருந்தது. இடது புருவம் நடுவில் பிளந்திருக்கும், சிரித்தால் வலது கன்னத்தில் மட்டும் குழி விழும். நாகவல்லிக்குப் பிள்ளை கிடையாது. இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. அந்தப் பிள்ளைகளை அவரவர் அம்மாதான் பெற்றாள், தெருவுக்கே கேட்கும்படி கத்தித்தான் பெற்றாள். முகம் மட்டும் நாகவல்லியுடையதாக வந்தது. புருஷன்மார்கள்தான் பாவம், குழம்பிப் போனார்கள். பிள்ளைக்கு வேறொரு ஆணின் ஜாடை இருந்தால் சண்டை போடலாம், பஞ்சாயத்து வைக்கலாம். நாலு வீடு தள்ளிக் குடியிருக்கும் ஒரு பெண்ணின் ஜாடை இருந்தால் யாருடைய சட்டையைப் பிடிப்பது? கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்கள், பிறகு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ரயில் வேடிக்கை காட்டப் போனார்கள்.

விஷயம் வேப்பம்பட்டிலிருந்து நாகவல்லி கல்யாணமாகி வந்த பிறகு ஆரம்பித்தது. புருஷன் கன்னியப்பனின் அப்பா காலம் வரை அவர்கள் வீட்டில் எல்லோரும் நாற்று நட்டவர்கள். அம்பத்தூரில் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வந்ததும் கன்னியப்பன் ஒரு போல்ட் கம்பெனியில் சேர்ந்தான். கையில் கிரீஸ் வாடையோடு வந்து, சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளும் ஆள். வருஷங்கள் போயும் நாகவல்லி முழுகாமல் இருக்கவில்லை. மாமியார் வேம்புலியம்மாள் சும்மா இருப்பாளா? விளக்கெண்ணெய் தடவி வயிறு பிடித்துவிடும் பெண்ணிடம் அழைத்துப் போனாள், அரசமரம் சுற்ற வைத்தாள், கோயிலில் மண்சோறு தின்ன வைத்தாள். பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் பார்த்துவிட்டு, இவளிடம் குறை ஒன்றும் தெரியவில்லை, வீட்டுக்காரரை ஒருமுறை அழைத்து வாருங்கள் என்றார். கன்னியப்பன் ஷிப்ட் இருக்கிறது என்று சொல்லிவிட்டான். அந்த ஷிப்ட் கடைசிவரை முடியவே இல்லை.

அப்புறம்தான் பூந்தமல்லி வைத்தியர் வீரராகவன் வந்து சேர்ந்தார். மாதவிலக்கு நாட்களில் விடிந்ததும் வெறும் வயிற்றில் மலைவேம்பு இலைச் சாறு, அதில் கழற்சிக்காய்ப் பருப்பும் மிளகும் அரைத்துக் கலந்து ஒரு கிண்ணம். அதன் கசப்பைக் குடித்தவர்கள்தான் சொல்ல வேண்டும், அப்போது குடித்தவள் ஒருத்திதான். முதல் நாள் நாகவல்லி கண்ணில் தண்ணீர் வழிய நின்றதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பூங்காவனம் பரிதாபப்பட்டு, ஒரு துண்டு வெல்லம் கொண்டுவந்து அவள் வாயில் போட்டாள். பூங்காவனத்துக்கு மூத்த பையன் மீசை வைத்துவிட்டான், கடைசிப் பெண் பெரியவளாகிவிட்டாள். அப்படிப்பட்டவள் அடுத்த மாதம் வாந்தி எடுத்தாள். வெட்கம் பிடுங்கித் தின்ன, புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டே பத்து மாதம் ஓட்டி ஒரு பையனைப் பெற்றாள். துண்டை விலக்கிப் பார்த்தால் நாகவல்லி சிரிக்கிறாள்.

பூங்காவனம் படுத்திருந்த மாதங்களில் பால்காரர் மனைவி வெல்லம் கொடுத்தாள், அவளும் முழுகாமல் இருந்தாள். அப்புறம் ரேஷன் கடைக்காரர் மருமகள். மருந்து குடிப்பவள் நாகவல்லி, பிள்ளை வெல்லம் கொடுப்பவளுக்கு என்று தெரு கண்டுபிடித்துவிட்டது. விஷயம் ஆவடிக்குப் பரவி, திருநின்றவூர்வரை போனது. பிள்ளை இல்லாதவர்கள் விடியற்காலை ரயிலில் முந்தானையில் வெல்லம் முடிந்துகொண்டு வந்து இறங்கினார்கள். சிலர் அச்சுவெல்லம், சிலர் கல்கண்டு, கொஞ்சம் வசதியானவர்கள் பேரீச்சம்பழம். எல்லாமே பலித்தது. வெல்லம் வேண்டாமென்று நாகவல்லி பிடிவாதமாக இருந்து பார்த்தாள், சாறு வயிற்றில் நிற்கவில்லை. தன் கையாலேயே வெல்லம் போட்டுக்கொண்டாள், வாரம் முழுக்க வாய் கசந்ததுதான் மிச்சம். இந்த மாதமாவது தனக்குத் தங்காதா என்றுதான் ஒவ்வொரு மாதமும் கிண்ணத்தை எடுத்தாள். வைத்தியர் நேரில் வந்து தெருப்பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துப் பார்த்தார். மருந்து குடித்தவருக்குத்தான் வேலை செய்ய வேண்டும், தம் அப்பா அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார் என்று முணுமுணுத்தார். ஒன்றும் பிடிபடாமல் மிளகைக் கூட்டச் சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

சிவப்பு முக்கோணம் வரைந்த ஜீப்பில் குடும்பக் கட்டுப்பாட்டுக்காரர்கள் வந்து, ஊரே ஆளுக்கு இரண்டோடு நிறுத்தப் பார்க்கிறது, நீங்கள் இந்தச் சாற்றைக் கொஞ்சம் நிறுத்தக் கூடாதா என்று நாகவல்லியிடம் கெஞ்சினார்கள். எனக்கு ஒன்றுகூட இல்லையே என்று அவள் சொன்னாள். அவர்கள் டீ குடித்துவிட்டுப் போனார்கள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பெண்கள் அவள் வாசலில் வந்து நின்றார்கள், அவளுக்குப் புடவை வைத்துக் கொடுத்தவர்கள்கூட உண்டு. கிண்ணத்தைக் கொடு, ஒருமுறை உனக்காக நான் குடிக்கிறேன் என்று ஒருத்தி சொல்லவில்லை. கெட்ட எண்ணம் இல்லை, தோன்றவில்லை, அவ்வளவுதான். நோய் நாகவல்லிக்கு என்று எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள், நாகவல்லி உட்பட. சாயங்காலங்களில் தன் முகம் தெருவெல்லாம் பாண்டி ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அது பெரிய வேதனை. ஏதாவது ஒரு முகத்தைத் தொடப் போனால் அதன் அம்மா கூப்பிட்டுவிடுவாள்.

எழுபத்துநாலில் வேம்புலியம்மாள் மகனுக்குப் பட்டாபிராமிலிருந்து தாட்சாயிணியை இரண்டாவதாகக் கட்டி வைத்தாள். நீண்ட மூக்கும், பேசும்போது ஒரு பக்கம் சாயும் தலையுமாக அந்தப் பெண் வந்து சேர்ந்தது. அவளுக்கு ஒரு குழந்தை வந்ததும் நாகவல்லியை அண்ணன் உலகநாதன் வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று பேச்சு. அந்த அண்ணன் பெண்டாட்டி இவளை வாசற்படி தாண்ட விடமாட்டாள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு வருஷம் ஆகியும் தாட்சாயிணி வயிறும் அப்படியே இருந்தது. இரண்டு பெண்களுக்கும் பொதுவாக அந்த வீட்டில் இருந்தது கன்னியப்பன் ஒருவன்தான், ஆனாலும் அவன் பக்கம் யாருடைய யோசனையும் போகவில்லை. வேம்புலியம்மாளுக்கு வழி வீட்டுக்குள்ளேயே இருந்தது. தாட்சாயிணி கையில் வெல்லத்தைக் கொடுத்தாள், நாகவல்லியைக் குடிக்கச் சொன்னாள்.

குடித்தால் தன்னை வீட்டைவிட்டு அனுப்பப்போகும் பிள்ளை அது என்று தெரிந்துதான் நாகவல்லி அன்று காலை இலையை அரைத்தாள். குடிக்கமாட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லை, அதனால் கிண்ணத்தைத் தூக்கினாள். தாட்சாயிணி தலையைச் சாய்த்து அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கிண்ணத்தை அவள் கையிலிருந்து வாங்கினாள்.

"உனுக்கு இன்னாத்துக்குடி அது? வெல்லத்த குடு," என்றாள் வேம்புலியம்மாள்.

"குடுத்தா புள்ள வரும், அத்தே. இந்த அக்கா மூஞ்சியோட வரும். அக்காவ ஊட்ட உட்டு அனுப்பிட்டு அந்த மூஞ்சிய நான் தெனம் எப்டிப் பாக்கறது?"

பதிலுக்குக் காத்திராமல் ஒரே மூச்சில் குடித்துவிட்டாள். கண் பிதுங்கியது, மூக்கு சிவந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டாள். நாகவல்லிக்கு ஒன்றும் ஓடவில்லை. ஒன்பது வருஷமாக வாயைத் திறந்து காட்டியவளுக்கு இன்னொருத்தி வாயில் வெல்லம் போடத் தெரியவில்லை.

"இன்னா அக்கா பாத்துகினு கீறே? வாய் எரியுது, வெல்லத்த போடு," என்றாள் தாட்சாயிணி. நாகவல்லி போட்டாள். போட்டுவிட்டு அழுதாள்.

அடுத்த வருஷம் நாகவல்லிக்குப் பெண் பிறந்தது. நீண்ட மூக்கு. பால் குடிக்கும்போதே தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வேம்புலியம்மாள் பல நாள் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு யாரை வீட்டைவிட்டு அனுப்புவது என்று யோசித்தாள். பெற்றவளை அனுப்ப முடியாது. அந்த முகத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு முகத்துக்குச் சொந்தக்காரியை எப்படி அனுப்புவது? தலை வலித்தது, விட்டுவிட்டாள். இரண்டு பேரும் இருந்தார்கள். தாட்சாயிணிக்காகத் தான் குடிப்பதாக நாகவல்லி எத்தனையோ முறை சொன்னாள், வேண்டாம், வாசலில் வேண்டிய அளவு உன் முகம் ஓடுகிறது என்று அவள் சிரித்தாள். கிண்ணத்தில் ஊறுகாய் போட்டு வைத்தார்கள். வைத்தியரிடம் விஷயத்தைச் சொன்னபோது, மிளகு கூட்டியதுதான் காரணம் என்றார்.

எழுபத்தொன்பதில் அந்தப் பெண்ணைப் பால்வாடியில் சேர்த்தார்கள். பால்வாடியும் பள்ளிக்கூடமும் ஒரே வளாகம், ஒரே மணி. சாயங்காலம் கேட் திறந்ததும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பிள்ளைகள் ஓடிவருவார்கள். மற்ற அம்மாக்கள் எந்தப் பிளந்த புருவம் தங்களுடையது என்று தெரியாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு நிற்பார்கள். நாகவல்லிக்கு அந்தத் தொல்லை இல்லை. அத்தனை கூட்டத்தில் தன் முகம் இல்லாத பிள்ளை எதுவோ, அதன் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவாள்.