கேட்காமல் தொடாதே

சலவைக்கூடத்து முதலாளியம்மாவுக்கு எதிலும் தன் கை பட்டால்தான் திருப்தி. ஆஸ்பத்திரி விரிப்புகளை மடிப்பதிலிருந்து பாய்லர் வால்வு வரைக்கும் அவளைக் கேட்டுத்தான் தொட வேண்டும். அங்கேயே வேலை பார்த்த கொழுந்தன் ஒருமுறை கேட்காமல் வால்வைத் திறந்து நீராவியை வெளியே விட்டுவிட்டான்.

"இன்னொரு தடவ தொட்டே, கைய ஒடிச்சிருவேன்" என்று எல்லார் முன்னாலும் அவனை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். பாவம், வாயில்லாப் பூச்சி. அதை அப்படியே மனதில் வைத்துக்கொண்டான்.

அவள் பல் பிடுங்கப் போயிருந்த நாளில் பாய்லரின் அழுத்தம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. அவன் வால்வின் பக்கத்திலேயே நின்று அவளுக்குப் போன் அடித்துக்கொண்டிருந்தான். போன் அவள் கைப்பைக்குள் கிடந்தது. பாய்லர் வெடித்து, அவன் அங்கேயே போய்ச் சேர்ந்தான்.

வேறொரு பாய்லர் வந்தது. அதோடு அவனும் வந்தான். தினமும் முள் ஏறும்போது அவள் தோளுக்குப் பின்னால் அந்தக் குரல் கேட்கும்.

"திறக்கட்டுமா அண்ணி?"

"திற" என்றால் முடிந்தது. ஆனால் நாக்கு எழாது. இவ்வளவு சின்னச் சொல்லை அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று தோன்றும். திரும்பிப் பார்க்காமல் தானே திறப்பாள். காய்ச்சலில் உடம்பு கொதித்தாலும் வேறு யாரையும் பாய்லர் பக்கம் விடமாட்டாள். இன்னொரு உயிரும் தன்னைக் கேட்டுக்கொண்டே போய்விடுமோ என்று பயம்.

ஒருநாள் பாய்லர் முன்னாலேயே மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பியவள் ஓரகத்தி, செத்துப்போன கொழுந்தனின் மனைவி.

"வால்வ எனக்குக் கத்துக்குடுங்கக்கா. நீங்க விழுந்தா எங்க எல்லார் கதையும் முடிஞ்சிரும்."

அவள் குரலில் கோபமே இல்லை. முதலாளியம்மாவுக்கு அதுதான் தாங்கவில்லை. கற்றுக்கொடுத்தாள்.

"முள்ளு இங்க வந்தா திற. என்னைக் கேக்காத" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றாள். கை பரபரத்தது. பாதிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தாள்.

முள் ஏறியது. உள்ளேயிருந்து அதே குரல் வந்தது.

"திறக்கட்டுமா அண்ணி?"

ஓரகத்தி நிமிர்ந்தாள். அவளுக்கும் கேட்டிருக்கிறது. இரண்டு கையிலும் ஈர விரிப்புகள்.

"அக்காவ எதுக்குங்க கேக்குறீங்க? உங்களுக்குத் தெரியாததா? திறங்க."

வால்வு மெதுவாகத் திரும்பியது. நீராவி சீறிக்கொண்டு வெளியேறியது.

முதலாளியம்மா வாசற்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அந்த ஒரு சொல்லையும் கடைசியில் வேறொருத்தி வந்துதான் சொல்லவேண்டியிருந்தது.