இடப்பக்கம் திரும்பின ஒளி

குடுவையோட அடியில வெள்ளையா ஒட்டிக்கிட்டிருந்தது. ஒரு சிட்டிகை உப்புகூடத் தேறாது. கடலடிப் பாறையில ஒட்டி வாழுற கடல் பஞ்சுங்கிற உயிர் தனக்குள்ள உண்டாக்கிக்கிற பொருள் அது. புற்றுநோய்ச் செல்லைக் கொல்லும். அதுக்காகக் கடலையே அள்ள முடியாதே, அதனால ஆய்வுக்கூடத்துல நானே அணு அணுவாச் சேர்த்துக் கட்டினேன். இது முடிஞ்சா பட்டம், பட்டம் வந்தா வேலை, வேலை வந்தா அக்கா வீட்டுல வளர்ற என் மகளைக் கூட்டிட்டு வந்துடலாம். கைக்குழந்தையா விட்டுட்டு வந்தது. இப்ப அவளுக்குப் பல்லு விழுற வயசு.

சோதனையெல்லாம் பஞ்சுல கிடைச்சதோட அச்சு அசலாப் பொருந்திச்சு. "கலக்கிட்டம்மா"ன்னார் பேராசிரியர். மிச்சம் ஒண்ணுதான்: கரைசல் வழியா ஒளியை விட்டு, அது எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாக்கணும். பஞ்சுல கிடைச்சது வலப்பக்கம் திருப்பும். என்னோடது அதே அளவு இடப்பக்கம் திருப்பிச்சு.

கரைசல் ஊத்தின குழாயைக் கழுவி மறுபடி பாத்தேன். இடதுதான்.

பஞ்சுல இருந்து முதல்ல பிரிச்சவங்களுக்கு அதோட வடிவம் தெரிஞ்சது, ஆனா கண்ணாடிப் பிம்பம் மாதிரி இருக்கிற ரெண்டுல அது வலக்கையா இடக்கையான்னு தெரியல. குத்துமதிப்பா ஒரு பக்கத்தை வரைஞ்சு வெச்சிட்டாங்க, மகராசனுங்க. நானும் அந்தப் படத்தை வேதவாக்கா எடுத்துக்கிட்டேன். வலது காலுக்கு இடது செருப்பு தைச்ச கதை. புற்றுநோய்ச் செல்லுங்கமேல போட்டுப் பாத்தோம், ஒண்ணுகூடச் சாகல.

"தப்பு உன்னோடது இல்லம்மா"ன்னார் பேராசிரியர். "படம் தப்புன்னு நீதானே காட்டியிருக்கே. எதிர்ப்பக்க மூலப்பொருளை வாங்கி முதல்ல இருந்து ஆரம்பி. பட்டத்தை அப்புறம் பாத்துக்கலாம்."

அழுகை வரும்னு நினைச்சேன், வரல. மூக்குமேலயே நிக்கிற என் கோபம்கூட எங்கயோ போயிருச்சு. அப்புறம் குடுவைகளைக் கழுவிக் கவுத்தேன்.

சாயங்காலம் அக்காவுக்குப் போன் பண்ணேன். மகள்தான் எடுத்தா.

"வேலை முடிஞ்சிருச்சா?"

"இன்னும் கொஞ்சம் இருக்குடா கண்ணு. கோச்சுக்கிட்டியா?"

"இல்லையே. மெதுவா வாங்க சித்தி."

அக்கா பதறிப்போய்ப் போனைப் பிடுங்கினா. "அது உன் அம்மாடி"ன்னு அவளை அதட்டினது கேட்டுச்சு. "என் பசங்க கூப்பிடுறதைக் கேட்டு இவளும்..."னு என்கிட்ட இழுத்தா.

"விடுக்கா. திட்டாதே. அவகிட்ட குடு."

மூச்சு விடுற சத்தம் மட்டும் வந்துச்சு. திட்டு வாங்கின பயம் போல.

"சித்திதான்டா பேசறேன்"னேன். "சாப்பிட்டியா?"