நடுச்சுவர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலில் கல்யாணமாகித் தாராவிக்கு வந்த பேராச்சிக்கு இந்தி சுத்தமாகத் தெரியாது. "யாரு என்ன கேட்டாலும் 'ஹாங்'னு சொல்லிரு, ஆமான்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டுப் புருஷன் நெல்லையப்பன் வேலைக்குப் போய்விடுவான்.

பக்கத்து வீட்டு லூர்தம்மாள் பம்பாய்க்குப் பழையவள். இரண்டு வீட்டுக்கும் நடுவே வெறும் தகரம்தான். அதிலிருந்த ஓட்டை வழியாக அவள் கருவாட்டுக் குழம்பு நீட்டுவாள், பேராச்சி தோசை நீட்டுவாள். பகலெல்லாம் பேச்சும் அதன் வழியாகத்தான்.

மழைக்கு முன் தகரத்தை எடுத்துவிட்டுச் செங்கல் சுவர் வைப்பதென்று புருஷன்மார் முடிவு செய்தார்கள். கொத்தனார் முகம்மது ஹனீப் வந்தார். சுவர் இடுப்பளவு எழும்பியதும் பேராச்சியிடம் இந்தியில் ஏதோ கேட்டார். காற்றில் ஒரு சதுரம் போட்டு, உள்ளங்கையால் அதை மூடிக் காட்டினார்.

"ஹாங்" என்றாள்.

சந்தேகப்பட்டு மறுபடி கேட்டார்.

"ஹாங், ஹாங்."

மறுநாள் சுவர் கூரையைத் தொட்டுவிட்டது, ஓட்டையே இல்லாமல். பேராச்சி ஓட்டை இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். லூர்தம்மாள் அக்காதான் அடைக்கச் சொல்லியிருக்கிறாள்! குழாயடியில் லூர்தம்மாளும் முகம் கொடுக்கவில்லை. புருஷன்மார்கூடத் தனித்தனியாக வேலைக்குப் போனார்கள்.

ஒரு வாரம்கூடப் பேராச்சியால் தாங்க முடியவில்லை. குழாயடியில் மறித்துக் கேட்டுவிட்டாள்.

"யக்கா, அடைக்கணும்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"நானா அடைச்சேன்? சன்னல் அளவு எடம் விடுங்கன்னு அந்த பாய்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன். நீதான் அடைக்கச் சொன்னியாம். எங்க கருவாட்டு வாடை ஒனக்கு ஆவலையாக்கும்னு நெனச்சேன்."

"அவரு பேசுனது எனக்கு எங்கக்கா வெளங்குச்சு? எது கேட்டாலும் ஹாங் சொல்லச் சொன்னாக எங்க வீட்ல."

லூர்தம்மாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "கூறுகெட்டவளே, அதை அன்னைக்கே வந்து எங்கிட்ட கேட்டா என்னட்டி?"

"நீங்க கேட்டியளா?"

லூர்தம்மாள் பேராச்சியின் குடத்தை வாங்கிக் குழாய்க்கு அடியில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஹனீப் உளியோடு வந்தார், முணுமுணுத்துக்கொண்டே. பேராச்சியிடம் ஏதோ கேட்டார். அவள் வாயே திறக்காமல் லூர்தம்மாளைப் பார்த்தாள்.

"எவ்வளவு பெருசு வேணும்னு கேக்காரு."

பேராச்சி இரண்டு கைகளையும் எட்டிய மட்டும் விரித்தாள். ஹனீப் கூரையை அண்ணாந்து பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். அதற்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.