உச்சிவேளையில் எடுத்த இறகு

உக்கிரபாண்டிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் புறாக்கூண்டுக்குள் தலையை நுழைத்துவிட்டால் மனுஷன் அப்படியே குழைந்துபோவார். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை, மாடி நிறையப் பந்தயப் புறாக்கள். அதில் செவத்தி என்கிற செவலைப் பெட்டையை அந்த வீட்டில் யாரும் 'அது' என்று சொன்னதில்லை, 'அவ'தான்.

தாய் இல்லாத குஞ்சாய்க் கிடந்தவளை வாயில் ஊட்டி வளர்த்தவன் மகன் ராம்கி. இப்போது பட்டாளத்தில் சேர்ந்து எல்லையில் இருக்கிறான். ரயில் ஏறும்போது, "செவத்தி எங்க கொண்டுபோய் விட்டாலும் வீட்டுக்கு வந்துருவா. நானும் அப்படித்தாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா பாவிப் பயல்! அவன் அம்மா அழகுத்தாய் அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். செவத்தி பந்தயத்திலிருந்து வந்து இறங்கும்வரை அவளுக்குச் சோறு இறங்காது. செவத்தி வந்தால் ராம்கியும் வருவான் என்று தாய் மனசு தானாக ஒரு முடிச்சுப் போட்டுவைத்திருந்தது.

இந்த வருஷம் புறா கிளப்பில் எல்லோருக்கும் டெஸ்ட் பைத்தியம். இறகைப் பிடுங்கிச் சென்னையில் ஒரு லேபுக்கு அனுப்பினால், அந்தப் புறாவுக்கு வேகத்துக்கான ஜீன் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார்களாம்.

"செவத்தி போன தடவ பொழுதடைஞ்சுல்லா வந்தா. அம்புட்டு நம்பிக்கைன்னா அவ இறகையும் அனுப்பிப் பாருங்க மச்சான்" என்று கிளப்காரன் பாண்டிச்செல்வம் எல்லோர் முன்னாலும் சீண்டினான். போதாதா? உக்கிரபாண்டிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

நெஞ்சு இறகை வேரோடு பிடுங்க வேண்டும். மற்றப் புறாக்களுக்கெல்லாம் பிடுங்கிவிட்டார். செவத்திக்கு மட்டும் கை வரவில்லை, அவளுக்கு வலிக்குமே! மறுநாள் ஷிப்ட் முடிந்து உச்சிவேளையில் வந்தவர், அவள் அடை காக்கிற சட்டியில் புதிதாக உதிர்ந்து கிடந்த ஒரு செவலை இறகை எடுத்துக் கவரில் போட்டு, அவள் கால்வளையத்து நம்பரை எழுதினார். செவத்தி அப்போது கைப்பிடிச் சுவரில் வெயில் காய்ந்துகொண்டிருந்தாள்.

செவத்திக்கு அந்த ஜீன் இல்லை என்று லேபிலிருந்து போன் வந்தது. அன்றைக்குக் கிளப்பில் சிரித்த சிரிப்பை உக்கிரபாண்டியால் ஜீரணிக்க முடியவில்லை. குஞ்சுகள் இரை எடுக்கப் பழகியதும் அவளை ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடை வைத்திருக்கும் பத்ரிநாத்துக்குக் கொடுத்துவிட்டார். சும்மா கொடுத்தால் மறுநாளே பறந்து வந்துவிடுவாள் என்பது அவருக்குத் தெரியாதா? அதனால் கத்தரியை எடுத்து ஒரு பக்கத்து இறக்கையை அவரே வெட்டினார். ஒற்றை இறகைப் பிடுங்க மனசு வராத அதே கைதான்.

"றெக்கையவா வெட்டுனீங்க?" அழகுத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எம்புள்ள எப்படி வருவான்?"

"புறாவுக்கும் புள்ளைக்கும் என்னட்டி சம்பந்தம்? போய் வேலையப் பாரு."

ஞாயிற்றுக்கிழமை ராம்கி கூப்பிட்டால் முதல் கேள்வி செவத்தியைப் பற்றித்தான் இருக்கும். "நல்லா இருக்கா" என்று இவர் பொய் சொல்லிச் சமாளிப்பார். அழகுத்தாய் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

ஒருநாள் அதே லேபிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். "சார், உங்க ஆண் புறாவுக்கு இன்னொரு டெஸ்டும் எடுத்துப் பாக்கலாமா?"

"எந்த ஆண் புறா?"

அவள் நம்பரை வாசித்தாள். செவத்தியின் நம்பர்.

"அது பெட்டைம்மா!"

"இல்ல சார், நீங்க அனுப்பின இறகு ஆண் புறாவோடது. அதுவும் டெஸ்ட்ல தெரிஞ்சிரும்."

கத்துவதற்கு வாயைத் திறந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பகலில் ஆண் அடை காக்கும், சாயங்காலம்தான் பெட்டை வந்து மாற்றிக்கொள்ளும். புறா வளர்க்கிறவன் எவனுக்கும் தெரிந்த சங்கதி இது. செவத்தியின் ஜோடியும் செவலைதான். உச்சிவேளையில், ஆண் உட்கார்ந்திருந்த சட்டியிலிருந்து இறகை எடுத்துவிட்டு, அதை அவளுடையது என்று அனுப்பியிருக்கிறாரே! "நாசமாப் போன என் புத்தி" என்று தலையில் அடித்துக்கொண்டு பஸ் ஏறினார்.

பத்ரிநாத் அவரைக் கண்டதும் கையைப் பிசைந்தான். "முந்தாநாள் இரை போடத் தெறந்தேண்ணே, வெளியே போயிட்டா. வெட்டுன றெக்கைய வச்சுக்கிட்டு எங்க போயிருவான்னு அசால்ட்டா இருந்துட்டேன். தெருவெல்லாம் தேடிட்டேன். உங்ககிட்ட சொல்ல மூஞ்சி இல்ல."

உக்கிரபாண்டி திரும்பி வர பஸ் ஏறவில்லை. ராஜபாளையம் ரோட்டோரமாகவே, ஓடையையும் முள்ளுப் புதரையும் விலக்கிப் பார்த்துக்கொண்டு நடந்தார். லாரிகள் மேலே உரசுகிற மாதிரி போயின. ஒரு டீக்கடையில் விசாரித்தபோது, "புறா நடந்து போச்சான்னா கேக்கீரு?" என்று சிரித்தார்கள். எப்போதும் சண்டைக்குப் போகிற மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்.

மறுநாள் காலை வாசல் தெளிக்கப் போன அழகுத்தாய் போட்ட சத்தத்தில் எழுந்து ஓடினார். மாடிப்படியில் பாதி ஏறி, அதற்குமேல் ஏற முடியாமல் செவத்தி கிடந்தாள். உடம்பெல்லாம் புழுதியும் கரியும். பாதம் இரண்டும் கிழிந்து ரத்தம் உறைந்திருந்தது. வெட்டின இறக்கை தொங்கியது. மாடியில் அவள் ஜோடி குமுறிக்கொண்டிருந்தது.

அழகுத்தாய் விரலில் தொட்டு வைத்த தண்ணீரைக் குடித்தாள். உக்கிரபாண்டி அவளை மடியில் வாங்கிக்கொண்டார். செத்த நேரம்தான், தலை சாய்ந்துவிட்டது. "என்னப் பெத்த தாயி, நடந்தா வந்த?" என்று ஊர் கேட்க அழுதார்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. போன் அடித்தது.

"அப்பா, செவத்தி எப்படி இருக்கா?"

உக்கிரபாண்டி போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். அழகுத்தாய் போனை வாங்கினாள். அவளும் பொய் சொல்லிவிடுவாளோ, சொல்லிவிட்டால் தேவலையே என்று அவர் அவள் முகத்தையே பார்த்தார்.

"உங்கப்பா றெக்கைய வெட்டி வில்லிபுத்தூர்ல குடுத்துட்டாரு சாமி" என்றாள் அழகுத்தாய். "அம்புட்டுத் தூரத்தையும் நடந்தே வந்துட்டா. வீட்டுக்கு வந்துதான் உசுர விட்டா."

அழகுத்தாய் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வந்துட்டால்லய்யா? நீயும் வந்துரு. எப்படியாச்சும் வந்துரு."

"வாரேம்மா" என்றான் ராம்கி. அப்பாவிடம் போனைக் கொடு என்று அவன் சொல்லவில்லை. உக்கிரபாண்டி துண்டை நனைத்து, மடியில் கிடந்தவளின் பாதங்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.