லீவு வண்டியின் பெல்ட்

ஆசிப்பின் காரில் டைமிங் பெல்ட் மாற்றியதாக ஸ்டிக்கர் எழுதி ஒட்டியவன் நான். பெல்ட்டை மாற்றவில்லை.

அது 2019. மரக்காணத்தில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிற கார்களில் பாதி லீவு வண்டிகள். தமாமிலும் ரியாதிலும் வேலை பார்க்கிறவர்கள் வருஷத்துக்கு நாற்பத்தைந்து நாள் வந்து ஓட்டுவார்கள். மற்ற நாளெல்லாம் கார் தார்ப்பாய்க்குள் கிடக்கும். ஆசிப் தமாமுக்குத் திரும்ப இரண்டு நாள் இருந்தது. பாண்டியிலிருந்து வரவேண்டிய பெல்ட் வரவில்லை. பழையதைத் தடவிப் பார்த்தேன். பற்கள் சரியாக இருந்தன. ஆறு வருஷத்து வண்டி, ஓடியது இருபத்தெட்டாயிரம் கிலோமீட்டர்தான். எப்படியும் அடுத்த லீவு வரை ஷெட்டில் நிற்கப்போகிறது, அப்போது போட்டுக்கொள்ளலாம் என்று கவரை மூடினேன். “போட்டாச்சு பாய்” என்றேன்.

அடுத்த வருஷம் கொரோனா. அதற்குப் பிறகு ஆசிப் கம்பெனி மாறினார், லீவு கிடைக்கவில்லை. நான் மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. நினைக்காமல் இருந்தேன்.

டைமிங் பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் ஒரு கணக்கு, வருஷம் இன்னொரு கணக்கு. எது முதலில் முடிகிறதோ அப்போது மாற்ற வேண்டும். ஓடாத வண்டியிலும் ரப்பர் காயும். எங்கள் ஊரில் யாரும் வருஷத்தை எண்ணுவதில்லை. மீட்டரைக் காட்டி ‘புது வண்டிப்பா’ என்பார்கள். மெக்கானிக்கான நானும் அப்படித்தான் எண்ணினேன்.

மூன்று வாரம் முன்பு உப்பளத்தை ஒட்டிய ரோட்டில் அந்த நீலக் கார் என்னைத் தாண்டிப் போனது. ஓட்டியது ஆசிப்பின் மனைவி ஷஹானா. பின்சீட்டில் அவளுடைய அப்பா இப்ராஹீம் பாய், கண்ணாடியில் தலை சாய்த்திருந்தார். முதலாளி காசிலிங்கத்திடம் விசாரித்தேன்.

“அவருக்கு கிட்னி போச்சுப்பா. செவ்வா, வியாழன், சனி பாண்டிக்கு டயாலிசிஸு. மூணு மாசமா அந்தப் பொண்ணுதான் ஓட்டுது. உன்னவிட நல்லாவே ஓட்டுது” என்றார்.

போகவர எழுபது கிலோமீட்டர். ஓடும்போது பெல்ட் அறுந்தால் என்ஜின் அந்த இடத்திலேயே நிற்கும். வால்வும் பிஸ்டனும் மோதி உள்ளே எல்லாம் நாசமாகும். ஸ்டியரிங் கல்லாகிவிடும். பிரேக் இரண்டு மிதிக்கு மேல் பிடிக்காது. பின்னால் சென்னையிலிருந்து பஸ் வந்துகொண்டிருக்கும்.

இது தெரிந்தும் மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை காலை அதே வயதுள்ள வேறொரு லீவு வண்டியைத் திறந்தேன். நாற்பதாயிரம்கூட ஓடாதது. பெல்ட்டை மடக்கினேன். குறுக்கே விரிசல்கள் திறந்தன. இரண்டு பற்கள் கையோடு வந்தன. மத்தியானம் ஷஹானா வீட்டுக்குப் போனேன்.

“வண்டிய ஒரு செக்கப் பண்ணணும்மா. ஃப்ரீதான்.”

“ஃப்ரீயா? உங்க மொதலாளிக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையாண்ணா?” என்று சிரித்தாள். “நாளைக்கு அத்தாவுக்கு டயாலிசிஸ். ஞாயித்துக்கெழம எடுத்துனு போங்க.”

“நாளைக்கு இதுல போவாதீங்க. பெல்ட்டு பழசு.”

அவளே போய் பானெட்டைத் திறந்தாள். “இதோ தேதியோட ஒட்டியிருக்கே. இத போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, பாத்துட்டுத்தான் அவரு என்ன ஓட்டவே விட்டாரு. அதுக்கப்புறம் மூவாயிரங்கூட ஓடல.”

“ஒட்டுனது நான்தாம்மா. மாத்தல.”

அவள் பானெட்டை மூடினாள். உள்ளே இப்ராஹீம் பாய் இருமினார். அவள் போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“நான் ஓட்டுறது எத்தினி நாளா தெரியும்?”

“மூணு வாரமா.”

“ஒம்போது வாட்டி போயிட்டு வந்துட்டேன். பாத்துக்கினே இருந்தீங்க.”

ஆசிப்பிடம் நானே பேசுகிறேன் என்றேன்.

“பேசாதீங்க. தெரிஞ்சா சாவிய அவரு தம்பிகிட்ட குடுன்னுடுவாரு. அவன் வாரத்துல ரெண்டு நாள் வருவான். மூணாவது நாளு அத்தா மூச்சு முட்டிக் கெடக்கணும்.” புடவைத் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். “எட்டு மணிக்கு பெட்டு. லேட்டானா வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. ஆறரைக்கு வண்டியோட வாங்க. ஓடுற வண்டியோட.”

காசிலிங்கத்தின் ஆம்னி வேனை வாங்கிக்கொண்டு ஆறு மணிக்கே போய் நின்றேன். இப்ராஹீம் பாய் முன்சீட்டில் உட்கார்ந்தார். கால்கள் வீங்கியிருந்தன. செருப்பைக் கையில் வைத்திருந்தார்.

“நம்ம வண்டிக்கு என்னாச்சு தம்பி?”

“சர்வீஸ் பாய்.”

“கேக்காமலே வந்து நிக்கிறியே. ஷஹானா, மாப்ளைகிட்ட சொல்லு, வரும்போது இவருக்கு ஒரு செண்ட்டு கொண்டாரச் சொல்லு. கிரீஸ் நாத்தம் போவட்டும்.”

“சொல்றேன் அத்தா” என்றாள் பின்னாலிருந்து.

அவர் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். பொம்மையார்பாளையம் தாண்டும்போது தூங்கிவிட்டார். அவர் தலை என் தோளில் விழுந்தது. கியர் மாற்றும்போது அசையாமல் மாற்றினேன்.

ஆஸ்பத்திரியில் அவரை வீல்சேரில் உட்காரவைத்துவிட்டு அவள் என்னிடம் வந்தாள்.

“நாளைக்கே பெல்ட்ட மாத்திடறேம்மா” என்றேன்.

“நீங்க தொடாதீங்க. கோட்டக்குப்பத்துலேர்ந்து ஆளு வருது, இழுத்துனு போவாங்க. வண்டி வர்ற வரைக்கும் செவ்வா, வியாழன், சனி நீங்க வரணும்.”

“வர்றேன்.”

“அத்தாகிட்ட ஒண்ணும் ஒளறாதீங்க. உங்கள நல்ல ஆளுன்னு நெனச்சுகினு இருக்காரு. அவருக்கு பிரஷர் ஏறக் கூடாது.”

வீல்சேரிலிருந்து அவர் குரல் கொடுத்தார். “தம்பி, நாலு மணி நேரம் ஆவும். எதுனா சாப்ட்டு வா.”

“சரி பாய்” என்றேன். அவள் வீல்சேரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.